மாரிச்செல்வியின் நிழல்

சாத்தூரில், மரம் என்று சொல்லிக்கொள்ள ஒரு வேப்பங்கன்று கூட இல்லாத ஒரு தெருவில், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வேலுத்தாய் என்பவள் தன் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பெண்களின் முகங்களுக்கு ஒவ்வொன்றாக வெளிச்சம் வைத்துக்கொண்டிருந்தபோது, மேசைக்கு அடியிலிருந்து நிழல் கசிய ஆரம்பித்தது. காபியைக் கொட்டிவிட்டோம் என்று நினைத்துக் கரித்துணியை எடுத்துக் குனிந்து துடைத்தாள். துணி நனையவில்லை. கை மட்டும் சில்லென்று ஆனது. சரி, வேலை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காலைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டு அடுத்த பெண்ணைத் திறந்தாள்.

வேலுத்தாய் ஒரு கல்யாணத் தகவல் வலைத்தளம் நடத்தினாள். கணவர் லாரியில் தீப்பெட்டி ஏற்றிக்கொண்டு மாதத்தில் பாதி நாள் வடக்கே போய்விடுகிறவர். வீட்டில் சும்மா இருக்கிற நேரத்துக்கு ஆகட்டும் என்று தொடங்கியது, இன்றைக்கு அந்தச் சுற்று வட்டாரத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் கோயிலுக்கு அடுத்தபடியாக வந்து நிற்கிற இடமாக ஆகிவிட்டது. ஆடியில் யாரும் பெண் கேட்டு வருவதில்லை, ஜாதகத்தைக் கையால் தொடுவதில்லை, போனில் கூடப் பேச்சை எடுப்பதில்லை என்பதால் வலைத்தளத்தின் ஓட்டை உடைசல்களை எல்லாம் அடைப்பதற்கு அவள் ஒதுக்கி வைத்திருந்தது அந்த மாதத்தைத்தான். அடைக்கிறவள் அவளுடைய மகள் மாரிச்செல்வி. சிவகாசியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிற பெண், ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளறையில் லேப்டாப்போடு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

அந்த வாரம் சர்வர் மாற்றியதில் பெரிய கோளாறு ஆகியிருந்தது. பெயர் இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, முகத்தைக் காணோம். பெண்கள் அத்தனை பேரும் சாம்பல் நிறக் கட்டங்களாக ஆகிவிட்டார்கள். மாப்பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் படத்தை யாரும் திருத்தச் சொல்வதில்லை ஆகையால் அவை வேறு ஃபோல்டரில் பத்திரமாக, வழுக்கையும் தொப்பையுமாகச் சௌக்கியமாக இருந்தன.

"திருத்துன படம் பூராம் போச்சும்மா" என்று மாரிச்செல்வி காலையிலேயே சொல்லிவிட்டாள். "அவங்க வாட்ஸ்அப்புல அனுப்புன ஒரிஜினல்தான் உன் கம்ப்யூட்டர்ல இருக்கு. அத அப்படியே ஏத்திருவமா?"

"அப்படியே எப்படித் தாயி ஏத்துறது? பெத்தவங்க என்னய உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க. நான் மறுக்கா பண்ணித் தாரேன்."

"பண்ணு, பண்ணு. வெள்ளையடிக்கிறதுக்கு உன்னய மாதிரி ஆளு இந்த ஊர்லயே கெடையாது" என்று சொல்லிவிட்டு மகள் உள்ளே போய்விட்டாள். இந்தச் சண்டையை அவர்கள் முன்பே பலமுறை போட்டு முடித்திருந்தார்கள்.

வேலுத்தாய்க்கு இதில் பெரிய குற்றம் ஒன்றும் தெரியவில்லை. படத்தைக் கொடுக்கிற தாய்மார் வாசல்படி தாண்டும்போது திரும்பிப் பார்த்து, குரலைத் தணித்து, "கொஞ்சம் வெளிச்சம் வச்சுப் போடுங்க" என்பார்கள். கறுப்பு என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. அவளும் எடுப்பதில்லை. கொஞ்சம்தான், கொஞ்சம்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே மவுஸை நகர்த்துவாள், முகம் வெண்பூசணிக் கீற்று நிறத்துக்கு வந்ததும் நிறுத்துவாள்.

அப்படி எத்தனையோ முகங்களைச் செய்தவள்தான். இதற்கு முன்னால் ஏன் ஒன்றும் கசியவில்லை, அன்றைக்கு மட்டும் ஏன் கசிந்தது என்று அந்தத் தெருவில் பிற்பாடும் யாரும் கேட்கவில்லை. வந்த பொருளை என்ன செய்யலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வியாக இருந்தது.

நிழல் முன்னறையை நிறைத்து, படியிறங்கி, தெருவுக்கு வந்தபோது அங்கே முதலில் பார்த்தவர் இஸ்திரி வண்டி பரமசிவம். மேலே வெயில், முன்னால் கரிப்பெட்டி, இரண்டுக்கும் நடுவில் வாழ்க்கையை ஓட்டுகிற மனிதர். குனிந்து தொட்டார். கசியும்போது தண்ணீர் மாதிரி ஓடிய நிழல், விரலால் கிள்ளித் தூக்கியதும் நனைத்த சேலை போல மேலே வந்தது. பரமசிவம் அதை உதறி, வண்டிக் கம்புகளின் மேல் போட்டு, நான்கு மூலையும் இழுத்துக் கட்டி, அதற்குக் கீழே போய் நின்று கண்ணை மூடினார். ஆடிக் காற்று தெருப் புழுதியை எல்லாம் வாரிக்கொண்டு போனது, நிழல் மட்டும் ஒரு இழை கூட அசையவில்லை.

"மதினி, இன்னும் இருக்கா?" என்று வாசலில் இருந்து கேட்டார்.

"இருக்கும் போலத்தான் தெரியுது. எடுத்துக்கோங்க, காலுக்குள்ள கெடந்து தடுக்குது" என்றாள் வேலுத்தாய், திரையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

அவ்வளவுதான். எதிர்வீட்டுப் பாக்கியத்தக்கா மாட்டுக்கு ஒன்று கேட்டு வாங்கிப் போனாள். ஆட்டோக்காரர்கள் ஸ்டாண்டுக்கு இரண்டு கேட்டார்கள். மூன்று தேர்தலாகக் கூரை வருகிறது கூரை வருகிறது என்று வெயிலிலேயே நின்ற பஸ் ஸ்டாப்புக்கு ஆட்கள் தோளில் போட்டுச் சுமந்து கொண்டுபோய் விரித்தார்கள். அங்கிருந்து ஏறிப் போன பயணிகள், சாத்தூர்க்காரர்களுக்கு வந்த வாழ்வைப் பார் என்று பொறாமையோடு போனார்கள். பெண்கள் நிழலுக்குக் கீழே பாயை விரித்து வெங்காயம் உரித்தார்கள், பிள்ளைகள் தூங்கின, யாரோ மோர் கரைத்துக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு நிழலும் ஒரு தினுசாக இருந்தது. ஒன்று கருப்பட்டி நிறம், ஒன்று கேழ்வரகு நிறம், ஒன்று மழை பெய்து ஓய்ந்த கரிசல் நிறம்.

இஸ்திரி வண்டி நிழலில் போய் நின்றவர்களுக்கு மட்டும் ஏனோ சிரிப்பு வந்தது. துணி கொடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள், பாக்கி வைத்திருந்தவர்களும் சிரித்தார்கள், பரமசிவம் ஒரு பேண்டைத் தீய்த்துவிட்டு அதற்கும் சிரித்தார். பாத்திரக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த ஜெயக்கொடி என்பவள் சத்தம் கேட்டு உள்ளே நுழைந்தாள். நுழைந்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நிழலை அண்ணாந்து பார்த்து, கையை உயர்த்தித் தடவி, "இது எங்க அனுசுயா. அவதான் ஒண்ணும் இல்லாததுக்கு இப்படிச் சிரிச்சுக்கிட்டே கெடப்பா" என்றாள்.

அதற்கப்புறம்தான் தெரு முழுக்கத் தெரிந்தது. வேலுத்தாய் வெளிச்சம் வைக்க வைக்க இறங்கிய ஒவ்வொரு நிழலும் ஒரு பெண்ணினுடையது, உள்ளே உட்கார்ந்தால் இன்னார் என்று தெரிந்துவிடும். பஸ் ஸ்டாப் நிழல் பூமாரியினுடையது, அதற்குக் கீழே நின்றவர்களுக்கு அவளைப் போலவே நல்ல பசி எடுத்தது. மாட்டுக்குப் போட்டது நர்ஸ் வேலை பார்க்கிற ராசாத்தியினுடையது, மாடு என்றும் இல்லாத அமைதியாக ஊசி போட்டுக்கொள்ளத் தயாராக நின்றது.

இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளையின் நிழலில் சும்மா போய் உட்காருவது முறையா என்று பேச்சு வந்தது. பாக்கியத்தக்கா அதற்கு ஒரு வழி சொன்னாள். அவள் சொன்னால் அந்தத் தெருவில் எடுபடும். எந்த நிழலாக இருந்தாலும், விரிக்கிறதுக்கு முன்னால் யாருடையது, வெளிச்சம் வைக்கச் சொல்லி யார் கேட்டு எடுத்தது என்று சபையில் சொல்லிவிட வேண்டும், சொன்ன பிறகு உட்காரலாம். நல்ல வழிதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

முதலில் தாய்மார் கூசாமல் வந்து சொன்னார்கள். "பூமாரியோடது, நாந்தான் கேட்டேன்." "ராசாத்தியோடது, நாந்தான் கேட்டேன், அவுங்க அப்பாவும் கேட்டாரு." சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. நிழலில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை விட்டார்கள். ஒருத்தி சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமலே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெயிலில் திரும்பிப் போனாள்.

ஜெயக்கொடி, "எம் பிள்ளை சாமான், நானே கொண்டுபோய்க் குடுத்திர்றேன்" என்று இஸ்திரி வண்டி நிழலை அவிழ்த்து நான்காக மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அதே மடிப்போடு திரும்பி வந்தாள். வந்து வேலுத்தாயின் வாசலில் நின்றாள்.

"வேண்டாங்கிறாக்கா. உனக்கு வேணாம்னுதான எடுத்த, தெருவுலயே கெடக்கட்டும்னுட்டா. அதையும் சிரிச்சுக்கிட்டே சொல்றா. எனக்குத்தான் நெஞ்சு அடைக்குது."

வேலுத்தாய் அவளுக்கு ஒரு ஆறுதல் சொல்லத் தேடினாள். "மதியத்துக்குச் சாப்பிட்டயா?" என்று மட்டும் கேட்டாள்.

வேலுத்தாய்க்கும் கவலை இருந்தது, அதற்குக் காரணம் வேறு. எல்லாப் பெண்களையும் முடித்துவிட்டாள். கடைசியாக மீதி இருந்தது ஒரே படம்.

போன தைமாதம், மகளின் படத்தையும் தளத்தில் போடுவதற்கு அவள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. கடைசியில் மாரிச்செல்வி ஒத்துக்கொண்டாள். "போட்டுக்கோ. ஆனா என் மூஞ்சியில மட்டும் கை வைக்காத. நான் எப்படி இருக்கேனோ அப்படியே பாத்து எவன் வாரானோ அவன் வந்தாப் போதும்" என்றாள். வேலுத்தாய், இருக்கன்குடி ஆத்தா மேல் சத்தியமாகத் தொடமாட்டேன் என்றாள். அன்று சாயங்காலமே தொட்டாள். பெண்கள் பக்கத்தைப் பார்த்தாலே கோபம் வருகிறது என்று மாரிச்செல்வி அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை, அந்தத் தைரியத்தில் தொட்டாள். பார்த்தவர்களில் ராஜபாளையத்துக் குடும்பம் ஒன்று மனம் ஒப்பிவிட்டது. நல்ல இடம், கெட்ட பழக்கம் இல்லாத பையன். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பெண் பார்க்க வருகிறோம், பிள்ளை எலுமிச்சம்பழமாட்டம் இருக்கிறாள் என்று பையனின் தாய் போனில் சொன்னாள். அன்றிலிருந்து வேலுத்தாய்க்குச் சோறு சரியாக இறங்கவில்லை. வருகிறவர்கள் வீட்டுக்குள் கால் வைத்ததும் மகளின் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேருக்கு நடந்தது அது, கேசரியைத் தொடாமல் எழுந்து போய்விடுவார்கள். என்றாலும் நேரில் பார்த்தால் பேச்சில், குணத்தில் பிடித்துப்போகாதா, முதலில் வாசல்படி ஏறட்டும் என்று ஒரு நப்பாசை.

இப்போது அந்தப் படம் தொலைந்து, பழைய படம் கண் முன்னால் இருக்கிறது. கடவுளே பார்த்துத் தந்த சந்தர்ப்பம். அப்படியே ஏற்றிவிட்டால் சத்தியம் காப்பாற்றப்பட்டுவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. வேலுத்தாய் அதை நினைத்தாள், நன்றாகவே நினைத்தாள். பிறகு ராஜபாளையத்தையும் நினைத்தாள். கை தானாக மவுஸின் மேல் போனது.

மற்ற பெண்களுக்கு முகத்தோடு விட்டுவிடுகிறவள், மகள் என்பதால் அக்கறையாகச் செய்தாள். கழுத்தைச் செய்தாள். காது மடல்களைச் செய்தாள். மடியில் கோத்து வைத்திருந்த கைகளை, விரல் விரலாக, நகக்கண் வரைக்கும் செய்தாள். பெற்ற தாய் குளிப்பாட்டுகிற மாதிரி ஒரு இடம் விடாமல் செய்தாள்.

நிழல் வந்தது. புளியங்கொட்டை நிறம், அதே மினுமினுப்பு. வேலுத்தாய்க்குக் கீழே உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை, பிறந்த அன்றைக்கே மடியில் வாங்கின நிறம் அது. அது படியைத் தாண்டுவதற்குள் குனிந்து வாரிச் சுருட்டினாள். தெருவில் ஒருவர் உட்கார்ந்தால் போதும், இன்னாருடையது என்று தெரிந்துவிடும், தெரிந்தது அடுத்த நிமிஷம் உள்ளறைக்குப் போய்விடும். சுருட்டியதை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு ஓடி, அரிசி ட்ரம்முக்குள் திணித்து, மூடியை அழுத்தி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். திருடியைப் போல மூச்சு வாங்கியது. சொந்த வீட்டு அடுப்படியில், சொந்த அரிசியின் முன்னால், ஐம்பது வயதை நெருங்குகிற பொம்பளை இப்படி நிற்கிறோமே என்று அவளுக்கு அழுகை வந்தது.

"அம்மா, கோளாறு சரியாயிருச்சு" என்று மாரிச்செல்வி சோம்பல் முறித்துக்கொண்டு வந்தாள். "இனிமே படத்த ஏத்துனாப் போதும். ஏன் இப்படி வேர்த்து ஒழுகுது? நீ போய் உக்காரு, நான் ஒல வைக்கிறேன்."

"வேணாம் தாயி. நான் வைக்கிறேன்."

"காலயிலருந்து அந்த நாக்காலியிலயே கெடந்த. நகரு."

"அரிசியில வண்டு விழுந்திருக்கு. கடையில இட்லி வாங்கிக்கிருவோம்."

"நேத்துத்தான சலிச்சேன்" என்றாள் மாரிச்செல்வி. ட்ரம்மின் மேல் குழவி இருப்பதைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். குழவியை இறக்கிக் கீழே வைத்துவிட்டு மூடியைத் திறந்தாள்.

நிழல் எழுந்தது. முதலில் அடுப்படி நிறைந்தது, பிறகு முன்னறை. ஒரு கை அளவு சுருட்டித் திணித்தது எப்படி இத்தனை ஆனது என்று தெரியவில்லை, அது பாட்டுக்கு எழுந்து வந்துகொண்டே இருந்தது. கூரையைத் தொட்டுத் திரும்பி, ஜன்னல்களின் வழியாகவும் வாசல் வழியாகவும் வெளியே ஓடி, தெருவில் அதுவரை விரித்திருந்த நிழல்களை எல்லாம் மூடி, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் படர்ந்தது. தெருவில் ஆட்கள் ஆ என்று எழுந்து நின்றார்கள்.

மாரிச்செல்வி ட்ரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவா எடுத்த?" என்று கேட்டாள்.

"கொஞ்சந்தான் தாயி..." என்று ஆரம்பித்தாள் வேலுத்தாய்.

வாசலில் பாக்கியத்தக்காவின் குரல் கேட்டது. ஊர் முறையை ஏற்படுத்தியவள் அவள், ஆகவே கேட்கத்தான் வேண்டும். "வேலுத்தாயி, இவ்வளவு பெருசு எங்கிருந்து வந்துச்சு? யாரோடது இது? யாரு கேட்டு எடுத்தது?"

வேலுத்தாய் வாசலுக்கு வந்தாள். தெரு மொத்தமும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஜெயக்கொடி நின்றாள், பரமசிவம் நின்றார், பூமாரியின் தாயும் ராசாத்தியின் தாயும் நின்றார்கள். அந்தத் தாய்மார் எல்லோரும் தங்கள் வாயால் சொல்லிவிட்டவர்கள். அவளுக்கு மட்டும், இன்னார் கேட்டார் என்று கைகாட்ட ஒரு ஆள் கிடையாது.

"எம் மகளோடது" என்றாள். "யாரும் கேக்கல. எடுக்காதன்னு சொன்னா. சத்தியம் வாங்குனா. நாந்தான் எடுத்தேன், ரெண்டு தடவ."

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மாரிச்செல்வி அவளைத் தாண்டிக்கொண்டு முன்னறைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வேலுத்தாய் செய்து முடித்த படத்தை ஒருமுறை பார்த்தாள். அழிக்கும்போது அவள் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ முன்பின் தெரியாத பெண்ணின் படத்தைத் தன்னுடையது என்று தவறாகக் கொடுத்துவிட்ட மாதிரி அழித்தாள். பிறகு பழைய படத்தை, இருந்தபடியே, ஏற்றினாள். வாசலுக்கு வந்து, "உங்க பிள்ளைகளோடத எப்படிப் போடணும்னு அவளுகளையே எனக்கு போன் பண்ணச் சொல்லுங்க" என்று தாய்மாரிடம் சொன்னாள். சரிம்மா, சரிம்மா என்று அவர்கள் தலையை ஆட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் வேலுத்தாயின் போன் அடித்தது. ராஜபாளையம். ஆடியில் பேசாதவர்கள் பேசுகிறார்கள் என்றால் படத்தைப் பார்த்துவிட்டார்கள். வேலுத்தாய் அதை மகளிடம் நீட்டினாள். மாரிச்செல்வி வாங்கினாள், "ஆமாங்க, அதுதான் நான்" என்றாள், எதிர்முனையில் சொன்னதைக் கேட்டாள், "பரவால்லங்க, நல்லதுங்க" என்று வைத்துவிட்டாள். என்ன சொன்னார்கள் என்று வேலுத்தாய் கேட்கவில்லை. இனி வரமாட்டார்கள் என்று மகளின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

மாரிச்செல்வி ஒரு பாயை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினாள். தன் நிழலின் நடுவில் அதை விரித்து உட்கார்ந்து, "நிக்கிறீங்களே, உக்காருங்க. என்னோடதுதான், நான் சொல்றேன்" என்றாள். தெரு உட்கார்ந்தது. பாக்கியத்தக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்தாள். பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு நிழலுக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. அத்தனை பெரிய குளிர்ச்சியை அந்த ஊர் அதுவரைக்கும் கண்டதில்லை. நீண்ட நேரம் கழித்து மாரிச்செல்வி திரும்பிப் பார்த்தாள். நிழல் ஓடி இறங்கிய பிறகு வீட்டு வாசற்படியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா அதில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் அங்கயே நிக்கிற?" என்று கூப்பிட்டாள். "நீயும் வந்து உக்காரும்மா. எடம் கெடக்குல்ல."

குரலில் குத்தல் இல்லை. சின்ன வயதில் சாப்பிட உட்காரும்போது கூப்பிடுகிற அதே குரல். வேலுத்தாய் ஒரு காலைக் கீழே வைத்தாள். விரல் நுனியில் அந்தக் குளிர்ச்சி பட்டது, பட்டதும் உடம்பு முழுக்க அதற்கு ஏங்கியது. அவள் காலை மேலே இழுத்துக்கொண்டாள்.

"நீ உக்காரு தாயி" என்றாள். "எனக்கு வெயிலு ஒண்ணும் பண்ணல."